பதினாறாம் வரிசை, இடது ஓரம்: பெங்களூரு – புதுச்சேரி சிறு விமானத்தின் ஜன்னல் இருக்கை

கடலூர்க்காரர்களுக்கு விமானப் பயணம் என்றால் இன்றைக்கும் மீனம்பாக்கம்தான். நள்ளிரவு தாண்டியதும் வாடகைக் காரில் ஏறி, திண்டிவனத்தில் ஒரு காபியைக் குடித்துவிட்டு, தாம்பரம் நெருங்கும்போது மணியைப் பார்த்துப் பார்த்துப் பதறுவது எங்கள் ஊர் வழக்கம். இலாசுப்பேட்டையில் ஒரு விமான நிலையம் இருப்பதைப் பலர் மறந்தே போனார்கள். நினைவில் வைத்திருப்பவர்களும் அங்கே வந்து போகும், விசிறி சுழற்றிப் பறக்கும் ஏடிஆர் 72 என்ற சிறு விமானத்தைப் ‘பறக்கிற மினி பஸ்’ என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். என் மகள் பெங்களூரில் குடியிருக்கிறாள். 2024 டிசம்பரில் புதுச்சேரிக்கு மறுபடியும் விமானம் வரத் தொடங்கிய பிறகு, போகவர மூன்று தடவை, ஆக ஆறு பயணம் அதில் செய்திருக்கிறேன். வேண்டுமென்றே ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். தரையை வேடிக்கை பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்ற ஆசை உள்ளவருக்கு இந்த மினி பஸ்ஸின் பின்பாதி ஜன்னலை மிஞ்சிய இடம் இல்லை என்பது என் முடிவு. ஜன்னல் இருக்கை என்று எழுதியிருந்தால் போதும், எதுவானாலும் சரி என்று எடுத்துக்கொண்டவர்கள் மட்டும் ஏமாறுவார்கள்.

காரணம் இறக்கை இருக்கும் இடம். நாம் வழக்கமாக ஏறும் ஏர்பஸ் 320, போயிங் 737 ஆகியவற்றில் இறக்கை விமானத்தின் வயிற்றோடு ஒட்டி, ஜன்னலுக்குக் கீழே விரிந்திருக்கும். நடுப்பகுதியில் உட்கார்ந்தால் ஒரு சிமெண்ட் களத்தைப் பார்த்துக்கொண்டு போவதைப்போல இறக்கையையே பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான். முப்பது வரிசை கொண்ட விமானத்தில் ஏறத்தாழப் பத்தாம் வரிசையிலிருந்து இருபதாம் வரிசைவரை இந்தக் கதிதான். ஏடிஆர் விமானத்திலோ இறக்கை கூரையின்மேல் உட்கார்ந்திருக்கிறது. தாழ்வாரத்தின் கீழே திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பதைப்போல, மேலே கொஞ்சம் நிழல், கீழே முழுக்கத் திறப்பு. ஊர், ஏரி, சாலை, மலை எதையும் இறக்கை மறைப்பதில்லை.

இரண்டாவது காரணம் உயரம். பெரிய ஜெட் விமானங்கள் 33,000 முதல் 37,000 அடி உயரத்தில் போகின்றன. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் நிலம் ஒரு நிறம், அவ்வளவுதான். பெங்களூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 260 கிலோமீட்டர் தூரமே இருப்பதால், ஏடிஆர் 20,000 அடிக்கு மேல் போக வேண்டிய தேவையே பெரும்பாலும் வருவதில்லை. வேகமும் குறைவு, மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில்தான் பறக்கிறது. எனவே ஏரிக்கரையும் மதகும், கல்குவாரியின் வெட்டுமுகமும், நாற்கர சாலையில் வரிசையாகப் போகும் லாரிகளும் தனித்தனியாகத் தெரிகின்றன. சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்பவருக்கு இது குறை. எனக்குக் குறையாகப் படவில்லை.

இனி வரிசைகள். 78 இருக்கை கொண்ட இந்த விமானத்தில் நடைவழிக்கு இருபுறமும் இரண்டிரண்டு இருக்கைகள், ஏறத்தாழ இருபது வரிசைகள். நடு இருக்கை என்ற கொடுமை கிடையாது. என் முதல் பயணத்தில் முன்னால் உட்கார்ந்தால்தான் மரியாதை என்று நினைத்து மூன்றாம் வரிசையை எடுத்தேன். காட்சி நன்றாகவே இருந்தது. ஆனால் தலையைச் சற்றே பின்னால் திருப்பினால் ஆறு இதழ் கொண்ட விசிறி சுழன்றுகொண்டிருந்தது, காதுக்குள் அதன் ரீங்காரம் இறங்கும்வரை விடவில்லை. அடுத்த தடவை ஆறாம் வரிசை. விசிறிக்கு நேர் அண்டை இடம் அது. வெறும் கண்ணுக்கு விசிறி ஒரு மெல்லிய புகைத்தட்டாகத்தான் தெரிகிறது. கைபேசியில் படம் எடுத்தால் மட்டும் இதழ்கள் அரிவாளைப்போல வளைந்து துண்டு துண்டாக வந்து விழுகின்றன. கேமரா படத்தை ஒரே நொடியில் முழுதாகப் பதியாமல் வரிவரியாகப் பதிவதால் வரும் கோளாறு இது. படம் எடுக்க விரும்புகிறவர்கள் நான்காவது முதல் ஏழாவது வரிசைவரை உள்ள இடங்களைத் தவிர்ப்பது நல்லது. தூக்கம் வேண்டும் என்பவர்களும் தவிர்க்கட்டும். அதிர்வு அங்கேதான் மிகுதி.

பத்தாம் வரிசை ஒரு தனி அனுபவம். தரையைப் பார்க்க அது சிறந்த இடம் அன்று. ஆனால் சக்கரத்தைப் பார்க்க அதைவிட நல்ல இடம் இருக்க முடியாது. பெரிய விமானங்களில் சக்கரம் மடங்குவதும் விரிவதும் பயணிக்குக் கடகட என்ற ஒலியாக மட்டுமே தெரியும். ஏடிஆரில் சக்கரங்கள் உடம்பின் அடிப்பக்கத்துப் புடைப்பிலிருந்து, ஜன்னலுக்குக் கீழேயே இறங்குகின்றன. ஓடுபாதையைத் தொடும் கணத்தில் அசையாமல் இருந்த சக்கரம் ஒரு குலுக்கலோடு சுழலத் தொடங்குவதையும், அதிலிருந்து சின்னதாக ஒரு புகை எழுவதையும் கண்ணால் பார்த்தேன். அறுபது வயதில் இதற்குப்போய் இவ்வளவு மகிழ்ச்சியா என்று கேட்டால், ஆம் என்றுதான் சொல்லுவேன். பேரப்பிள்ளைகளோடு போகிறவர்கள் ஒரு தடவை இந்த வரிசையை எடுக்கலாம்.

பதினான்கு, பதினாறு, பதினெட்டு: மீதி மூன்று பயணங்களும் பின்னால். இங்கேதான் இந்த விமானம் தன் முழுத் தகுதியையும் காட்டுகிறது. இறக்கையும் விசிறியும் முன்னால் போய்விடுகின்றன. இரைச்சல் காது பொறுக்கும் அளவுக்குக் குறைகிறது. ஜன்னலில் நெற்றியை வைத்தால் நேர் கீழே, பின்னால், பக்கவாட்டில் எதுவும் தடை இல்லை. இன்னொரு வசதியும் உண்டு. இந்த விமானத்தில் லக்கேஜ் அறை முன்புறம், விமானி அறைக்கும் பயணிகள் பகுதிக்கும் இடையில் இருக்கிறது. பயணிகள் ஏறி இறங்கும் படி பின்பக்கம். ஆகவே கடைசி வரிசைக்காரர்தான் முதலில் இறங்குகிறார். முன் இருக்கைக்குக் கூடுதல் பணம் கட்டியவர் நடைவழியில் பையைத் தூக்கிக்கொண்டு நிற்க, பதினெட்டாம் வரிசைக்காரர் ஆட்டோ பேசிக்கொண்டிருப்பார். மூன்றில் எது என்றால் பதினாறு. பதினெட்டில் பணிப்பெண்கள் புழங்கும் சத்தமும், கழிப்பறைக்குக் காத்து நிற்பவர்களின் முழங்கையும் கொஞ்சம் தொல்லை.

ஜன்னல் இருக்கைக்குப் பணம் வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு சென்னையிலிருந்து வடக்கே ஒரு நீண்ட பயணம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஜன்னலோரம் என்று 350 ரூபாய் தனியாகக் கட்டி, ஆசையோடு போய் உட்கார்ந்தால் என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது வெறும் பிளாஸ்டிக் சுவர். முன் இருக்கைக்காரருக்கு ஒன்றரை ஜன்னல், பின் இருக்கைக்காரருக்கு ஒன்று, எனக்குச் சுவர். பணிப்பெண்ணிடம் காட்டியபோது, ‘சார், இது விண்டோ சீட்தான் சார்’ என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சுவரோரம் என்பதும் ஜன்னலோரம் என்பதும் அவர்கள் கணக்கில் ஒன்று. போயிங் 737 விமானத்தில் இறக்கைக்குச் சற்று முன்னால் குளிர்காற்றுக் குழாய் சுவருக்குள் மேலேறிப் போவதால், அந்த இடத்தில் ஜன்னலே வைக்காமல் விட்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

குழாய் இல்லாத இடத்திலும் ஜன்னல் நேராக அமையும் என்பதற்கு உறுதி இல்லை. ஜன்னல்கள் விமானத்தின் எலும்புக்கூட்டை ஒட்டி ஏறத்தாழ 20 அங்குலத்துக்கு ஒன்றாக அமைந்தவை. அதை விமானம் கட்டியவர் முடிவு செய்கிறார். இருக்கைகளோ 28 முதல் 30 அங்குல இடைவெளியில், விமானத்தை வாங்கியவரின் கணக்குப்படி போடப்படுகின்றன. இரண்டு அளவும் ஒத்துப்போகாததால் சிலருக்கு ஜன்னல் முழங்காலுக்கு நேரே வரும், சிலருக்குக் காதுக்குப் பின்னால் போய்விடும். இருக்கை வரைபடத்தில் இது தெரியாது. இலாசுப்பேட்டையில் ஒரு சௌகரியம்: முனையத்திலிருந்து விமானத்துக்கு நடந்தே போகிறோம். பின்படியில் ஏறுவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று ஜன்னல் வரிசையைக் கண்ணால் எண்ணிவிட்டால், நம் இடத்தின் ஜன்னல் எப்படி, அதன்மேல் அழுக்கு எவ்வளவு என்பதெல்லாம் ஓரளவு தெரிந்துவிடும். வரிசையில் பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார், பொருட்படுத்த வேண்டியதில்லை.

அடுத்து இடமா வலமா என்ற கேள்வி. முன்னோக்கி உட்கார்ந்தால் ஏ என்ற எழுத்து எப்போதும் இடது ஓரம். வலது ஓரத்துக்குப் பெரும்பாலும் எஃப். பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்கு வரும்போது விமானம் தென்கிழக்காக வருகிறது. எனவே இடப்பக்கம் வடக்கும் வலப்பக்கம் தெற்கும் ஆகும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், முற்பகல் தொடங்கி வலப்பக்க ஜன்னலில் வெயில் நேராக வந்து அடிக்கும். மூடியை இறக்கிவிட்டு உட்கார வேண்டியதாகிவிடும், பிறகு ஜன்னல் எதற்கு? சூரியனுக்கு முதுகைக் காட்டும் பக்கத்தில்தான் நிலம் தன் நிறத்தோடு தெரியும். கீழே மேகம் இருந்தால் இன்னொரு காட்சியும் அந்தப் பக்கத்தில்தான் கிடைக்கும்: மேகத்தின்மேல் விழும் விமானத்தின் நிழலைச் சுற்றி வட்டமாக ஒரு சின்ன வானவில், நம்மோடே ஓடிவரும்.

வெயில் கணக்கை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் நான் இடப்பக்கத்துக்கே வாக்களிப்பேன், செஞ்சிக்காக. கிளம்பிச் சற்று நேரத்தில் ஜவ்வாது மலைத்தொடர் கரும்பச்சைப் போர்வையைப்போல மடிப்பு மடிப்பாக வருகிறது. அதைத் தாண்டியதும் நிலம் சட்டென்று தட்டையாகிவிடும். அந்தத் தட்டை நிலத்தில் யாரோ கூடைகூடையாகக் கொட்டிவிட்டுப் போனதைப்போலப் பாறைக் குவியல்கள் தெரியத் தொடங்கினால் செஞ்சி நெருங்கிவிட்டது என்று பொருள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் இணைத்து ஓடும் மதிலைத் தரையில் நின்று பார்த்தால் ஒரு நேரத்தில் ஒரு துண்டுதான் தெரியும். மேலிருந்து பார்க்கும்போதுதான் அது ஒரு முக்கோணம் என்பது புரிகிறது. பள்ளிக்கூடச் சுற்றுலாவிலிருந்து இன்றுவரை எத்தனையோ முறை அந்தப் படிகளில் ஏறி மூச்சு வாங்கியிருக்கிறேன். 2025 ஜூலையில் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு, அதைக் கட்டியவனின் எண்ணம் இன்னதென்று இந்த ஜன்னல் வழியாகத்தான் எனக்கு விளங்கியது.

இதில் வீட்டிலேயே ஒரு மாற்றுக் கருத்து உண்டு. என் மனைவிக்குச் செஞ்சி முக்கியம் இல்லை, திருவண்ணாமலை முக்கியம். அண்ணாமலை இந்தத் தடத்துக்குச் சற்றுத் தெற்கே, வலப்பக்கத்தில் வரும். சுற்றிலும் வேறு மலை இல்லாமல் தன்னந்தனியாக நிற்பதால் வெயிலின் கூசலிலும் அதை அடையாளம் காண முடிகிறது. ‘நீங்க உங்க கோட்டையப் பாருங்க, நான் சாமியப் பாத்துக்கறேன்’ என்று சொல்லிவிட்டு அவள் வலது ஓரத்தை எடுத்துக்கொண்டாள். கணவனும் மனைவியும் ஒரே வரிசையில் இரண்டு கோடியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, நடைவழி இருக்கையில் இருந்த இளைஞர் இடம் மாறிக்கொள்ளட்டுமா என்று பரிவோடு கேட்டார். சண்டை எதுவும் இல்லை என்று விளக்க வேண்டியதாயிற்று.

தரையிறங்கும் சில நிமிடங்கள்தான் இந்தப் பயணத்தின் உச்சம். புதுச்சேரியின் ஓடுபாதை ஏறத்தாழ 1,500 மீட்டர்தான்; இந்தச் சிறு விமானம் இங்கே வருவதற்கே அதுதான் காரணம். காற்றின் திசையைப் பொறுத்து மேற்கிலிருந்தும் இறங்கலாம், கடல்பக்கமிருந்தும் இறங்கலாம். நாம் தேர்ந்தெடுக்க முடியாது. மேற்கிலிருந்து வந்த நாளில் ஊசுட்டேரிக்கு மேலே அவ்வளவு தாழ்வாக வந்தோம். தண்ணீரில் நிற்கும் மரங்களும் வெள்ளைப் புள்ளிகளாகப் பறவைகளும் தெரிந்தன. அப்போது இடப்பக்கத்தில், முந்திரிக்கும் சவுக்குக்கும் நடுவே, ஆரோவில்லின் தியான மண்டபமான மாத்ரிமந்திரின் பொன்னிற உருண்டை ஒரு கணம் வெயிலைப் பிடித்துத் திருப்பி அடித்தது. வாசலில் பதிவு செய்துகொண்டு வரிசையில் நின்று, தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிய நாட்கள் நினைவுக்கு வந்தன. வலப்பக்கத்தில் இருப்பவருக்கு அந்த நேரத்தில் நகரமும் அதற்கு அப்பால் கடலின் கோடும் கிடைக்கும், அதுவும் குறைந்ததன்று. ஏறும்போதும் இறங்கும்போதும் ஜன்னல் மூடியைத் திறந்துவைக்கச் சொல்வது விமானத்தின் பாதுகாப்பு விதி. வெளியே நெருப்போ தடையோ இருந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக. வேடிக்கை பார்ப்பவர்களுக்கு அந்த விதி செய்த உதவி பெரிது.

எந்த மாதத்தில் போவது என்பதும் இருக்கையைப்போலவே முக்கியம். சித்திரை வெயிலில் கீழே எல்லாம் செம்மண்ணும் தூசிப்படலமும்தான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வானம் கழுவிவிட்டதைப்போல இருக்கும் டிசம்பர் கடைசியில் போனால், விழுப்புரம் மாவட்டத்து ஏரிகள் ஒவ்வொன்றும் உடைந்த கண்ணாடித் துண்டாக மின்னும். ஒன்றின் உபரி நீர் அடுத்த ஏரிக்குப் போகும் வாய்க்கால்கூடத் தெரியும். தை பிறந்த பிறகு அதிகாலையில் பனிமூட்டம் நிலத்தை மூடிவிடுவதால், பத்து மணிக்குப் பிந்திய பயணமே நல்லது.

படம் எடுப்பவர்களுக்கு மட்டும் சில. விமான ஜன்னலில் இருப்பது கண்ணாடி அன்று, அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். வெயில் கூசலைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டியைக் கேமராவில் மாட்டினால், அந்த அக்ரிலிக்கின் இறுக்கம் படத்தில் எண்ணெய் படிந்ததைப்போல வானவில் நிறங்களாக விழும், கழற்றிவிட வேண்டும். வெள்ளைச் சட்டை ஜன்னலில் எதிரொளிக்கும். நான் இப்போது கருநீலச் சட்டையோடுதான் போகிறேன். ஜெட் விமான ஜன்னலில் நடுத்தட்டின் அடிப்பக்கம் ஓர் ஊசித்துளை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்; காற்றழுத்தத்தைச் சமன்செய்யவும் பனி படியாமல் தடுக்கவும் வைத்தது அது. அதைச் சுற்றி உறைபனி பூக்கும் நேரத்தில் கேமராவை ஜன்னலின் மேல்பாதிக்கு ஏற்றிக்கொள்ளலாம்.

சொந்த ஊரையே மேலிருந்து பார்க்க வேண்டும் என்றால் இந்தத் தடம் உதவாது. அதற்குச் சென்னை – தூத்துக்குடிப் பயணம்தான் சரி. சென்ற ஆண்டு உறவினர் திருமணத்துக்காகக் காலை விமானத்தில் போனபோது, இடது ஓரத்தை எடுத்திருந்தேன். கழுவேலி, புதுச்சேரி என்று வரிசையாக வந்து, தென்பெண்ணையும் கெடிலமும் கடலில் சேரும் இடம் தெரிந்தது. அவற்றுக்குத் தெற்கே கடலூர் முதுநகரின் துறைமுகம், உப்பனாற்றின் வளைவு. ஆனால் காலைச் சூரியன் கடலில் பட்டுக் கண்ணைப் பறித்ததால், எல்லாம் கறுப்பு நிழலுருவாகத்தான் கிடைத்தன. தேவனாம்பட்டினம் கடற்கரை எது, படகுத்துறை எது என்று பிரித்துப் பார்ப்பதற்குள் நெய்வேலிச் சுரங்கத்தின் சாம்பல் நிறம் நேர் கீழே வந்துவிட்டது. மேற்குச் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி, பிற்பகல் விமானத்தில் அதே இடது ஓரத்தில் ஒருமுறை போக வேண்டும். பெங்களூரிலிருந்து புதுச்சேரி வருபவர்கள் அதுவரை பதினாறு ஏ-யை எடுத்துக்கொள்ளலாம். புதுச்சேரியிலிருந்து பெங்களூருக்குப் போகும்போது செஞ்சி வலப்பக்கத்துக்கு மாறிவிடும் என்பதால் அன்றைக்குப் பதினாறு எஃப்.